ஓட்டில் ஓர் ஓட்டை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

நிலக்கடலையை உடைத்துத் தின்னாத கோவில்பட்டிக்காரர் உண்டோ? 2020-ஆம் ஆண்டில் நம் ஊர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் அனைவரும் அறிவோம். அந்தக் கடலையை வைத்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். கடலைக்கு உள்ளே பருப்பு, வெளியே ஓடு. கணிப்பொறியை இயக்கும் அமைப்புக்கும் அறிஞர்கள் இதே பெயர்களைத்தான் வைத்தார்கள். நினைவகத்தையும் வட்டையும் கட்டியாளும் உட்பகுதி பருப்பு. மனிதன் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கிப் பருப்பிடம் சேர்ப்பிக்கும் வெளிப்பகுதி ஓடு, அதாவது 'ஷெல்'. நம் ஆய்வகத்தில் லினக்ஸ் வகுப்பு அன்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக மினுக்குகிறதே, அதுதான்.

முதலாண்டில் அந்தத் திரையைக் கண்டு நம்மில் பலர் மிரண்டோம். படம் இல்லை, பொத்தான் இல்லை, சுண்டெலிக்கும் வேலை இல்லை. இதைக் கட்டிக்கொண்டு எதற்கு மாரடிக்க வேண்டும் என்று என் பக்கத்து இருக்கை நண்பர் கேட்டார். உலகத்தின் இணையச் சேவையகங்களில் பெரும்பாலானவை இந்த ஓட்டுக்குள்ளேதான் குடியிருக்கின்றன என்று பேராசிரியர் சொன்ன பிறகே எங்களுக்கு அதன்மீது மரியாதை பிறந்தது. அந்த ஓட்டில் 25 ஆண்டுகள் ஓர் ஓட்டை இருந்தது என்பதையும், அதை அடைத்த கதையையும், அந்த அடைப்பு நம் கரிசல் சீமையின் ஒரு மூலைக்கு வந்து சேர்ந்த விதத்தையும் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள ஒரு ஷெல் வேண்டும் என்று க்னூ திட்டத்தார் விரும்ப, பிரையன் பாக்ஸ் என்பவர் 1989-இல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அதன் பெயர் 'போர்ன் அகெய்ன் ஷெல்', சுருக்கமாக 'பாஷ்'. போர்ன் என்ற பெயரையும் மறுபிறவி என்ற பொருளையும் ஒன்றாக முடிச்சிட்ட சிலேடை அது. காளமேகம் நம்மவர் மட்டும் அல்லர் போலும்!

அந்த 1989-ஆம் ஆண்டிலேயே பாஷுக்கு ஒரு வசதி சேர்க்கப்பட்டது. ஒரு பாஷ் இன்னொரு பாஷைப் பெற்றெடுக்கும்போது, தாய் கற்ற வித்தையைச் சேய்க்கும் கொடுத்தனுப்பலாம் என்பதே அது. வித்தை என்பது இங்கே செயற்கூறு. அதை ஒரு சூழல் மாறியின் மதிப்பாக எழுதி அனுப்புவார்கள். மதிப்பின் தொடக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இணையும் ஒரு நெளிவுக்குறியும் இருந்தால் அது வித்தை என்று சேய் பாஷ் தெரிந்துகொள்ளும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் வித்தை முடிந்த இடத்தில் படிப்பதை நிறுத்த வேண்டிய பாஷ் அங்கே நிறுத்தவில்லை. அதற்குப் பின்னால் ஒட்டியிருந்ததையும் படித்தது. படித்ததோடு விடாமல் நிறைவேற்றவும் செய்தது.

இதன் விபரீதம் எளிதில் புரியாது. ஓர் அலுவலகத்துக்குப் போகிறீர்கள். வாயிலில் இருப்பவர் பெயரையும் விலாசத்தையும் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்கிறார். நீங்கள் விலாசத்தை எழுதிவிட்டு அதன் வாலில், 'பெட்டிச் சாவியை இவரிடம் கொடுக்கவும்' என்று சேர்த்து எழுதுகிறீர்கள். சீட்டை வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டிய குமாஸ்தா, வால்வரை படித்து, எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்துவிடுகிறார்! இணையத்தில் நடந்ததும் இதுவே. நமது உலாவி ஒரு சேவையகத்தை அணுகும்போது, தான் இன்ன உலாவி என்று தன் பெயரைச் சொல்லும். சி.ஜி.ஐ. என்ற பழைய முறையில் இயங்கும் சேவையகங்கள் அந்தப் பெயரை ஒரு சூழல் மாறியில் போட்டு வைக்கும். அதன் பிறகு எங்கேனும் பாஷ் அழைக்கப்பட்டால் தீர்ந்தது. கடவுச்சொல் தேவையில்லை, உள்ளே கணக்கு வைத்திருக்கவும் தேவையில்லை. வாசலில் நின்று பெயரைச் சொன்னாலே போதும்.

2014 செப்டம்பர் 12 அன்று பிரிட்டனில் வசித்துவந்த ஸ்டெபான் ஷசலாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காமல், பாஷைப் பராமரித்துவந்த செட் ராமே என்பவருக்கு முதலில் தெரிவித்தார். திருத்தத்தை ஆயத்தம் செய்துகொண்டு, செப்டம்பர் 24 அன்று செய்தியையும் திருத்தத்தையும் ஒருசேர வெளியிட்டார்கள். இக்குறைக்கு உலகம் சூட்டிய பெயர் 'ஷெல்ஷாக்'. ஆபத்தை அளக்கும் பத்து மதிப்பெண் அளவுகோலில் இதற்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து. (தேர்வில் நாம் காணாத மதிப்பெண்!) செய்தி வெளிவந்த மறுநாளே திருடர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நாளொன்றுக்குச் சுமார் 15 லட்சம் தாக்குதல்களும் துழாவல்களும் நடப்பதாகக் கிளவுட்பிளேர் நிறுவனம் அந்த வாரத்தில் கணக்குச் சொன்னது.

திருத்தம் வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. முதல் ஒட்டு போதவில்லை. வெளியான சில மணி நேரத்துக்குள்ளாகவே டேவிஸ் ஆர்மண்டி என்பவர் அதைச் சுற்றிக்கொண்டு போகும் இன்னொரு வழியைக் காட்டினார். அதற்கு இரண்டாவது ஒட்டு. பிறகு மூன்றாவது, நான்காவது. அக்டோபர் முதல் வாரத்துக்குள் பாஷின் 4.3 பதிப்புக்கு மட்டும் ஆறு ஒட்டுகள்!

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையும் என் தாத்தாவும் நினைவுக்கு வந்தார்கள். தாத்தா சில காலம் எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் அல்லர். கரை உடைவதற்குக் காரணம் பெருவெள்ளம் என்று நாம் சொல்வோம். அவர் நண்டு வளை என்பார். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழை விழுந்தால் உப்பித் தானே மூடிக்கொள்ளும். நண்டு வளை அப்படி மூடாது. வாய் விரல் அகலம்தான். ஆனால் கரையின் உள்ளே அது எங்கே போய் வெளியேறுகிறது என்பது நண்டுக்குத்தான் தெரியும். வாயில் மட்டும் மண்ணை வைத்து மிதித்தால் நீர் பக்கத்தில் கசியும். அதையும் அடைத்தால் இன்னும் தள்ளிக் கசியும். 'வாயை அடைக்காதலே, வழியைத் தோண்டு' என்பது தாத்தாவின் வாக்கு. வளை போகும் தடத்தைக் கடைசிவரை தோண்டித் திறந்து, பிசைந்த களிமண்ணை அதில் இறுக்கி மிதிக்க வேண்டும்.

பாஷின் முதல் இரண்டு ஒட்டுகளும் வாயை அடைத்தவை. பிளோரியன் வைமர் என்ற ரெட் ஹாட் நிறுவனப் பொறியாளர் காட்டிய முறையே வழியைத் தோண்டியது. வால் எங்கே முடிகிறது என்று சரியாகப் படிக்கப் பாஷுக்குக் கற்றுக்கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. கண்ட கண்ட சீட்டையும் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டார். செயற்கூறு என்றால் அதைச் சுமக்கும் மாறியின் பெயருக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட அடையாளம் இருக்க வேண்டும். அடையாளம் இல்லாத மாறியின் மதிப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் எழுத்தே. வெளியிலிருந்து வருபவர் மதிப்பை எழுதலாமே தவிர, மாறியின் பெயரைத் தம் விருப்பம்போல் அமைக்க முடியாது. இதன் பிறகும் படிக்கும் பகுதியில் வேறு குறைகள் கண்டறியப்பட்டன. மைக்கேல் ஜலேவ்ஸ்கி என்பவர் இரண்டைக் காட்டினார். ஆனால் வைமரின் திருத்தம் இருந்த கணிப்பொறிகளில் அவற்றை அயலார் தொட வழியில்லாமல் போயிற்று. என்னைக் கேட்டால், ஆறு ஒட்டுகளில் பாடமாக வைக்கத் தகுந்தது இது ஒன்றுதான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் ஒப்பவில்லை. கோடிக்கணக்கான கணிப்பொறிகளில் ஓடும் பாஷை அந்நாளில் பராமரித்து வந்தவர் ஏறத்தாழ ஒரே ஒரு மனிதர். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய செட் ராமே, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் அதைச் செய்துவந்தார். நம் பக்கத்தில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. கண்மாய் நீரை அனுபவிப்பவர்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து கரையைச் செப்பனிட வேண்டும். இதற்காக 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. 2017-இல் அதே பெயரில் தமிழக அரசு ஒரு திட்டத்தையும் நடத்தியது. பாஷ் என்ற கண்மாயின் நீரைப் பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் மடை மடையாகத் திறந்து பாய்ச்சிக்கொண்டன. கரைக்கு மண் சுமக்க வந்தவர் ஒருவர். அதே 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற வேறொரு பெருங்குறை வெளிப்பட்ட பிறகே, இத்தகைய பொதுச் சொத்துகளுக்கென நிறுவனங்கள் கூடி ஒரு நிதி ஏற்படுத்தின. 25 ஆண்டுகள் குறை தெரியாமல் இருந்ததற்கு அந்த ஒருவரைக் குற்றம் சொன்னவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, திருத்தம் எழுதியாயிற்று. அது எப்படி நம்மிடம் வருகிறது? இதுவும் பாசனம் போன்றதே. பாஷின் மூலத்தில் செய்த மாற்றத்தை டெபியன், ரெட் ஹாட் முதலிய லினக்ஸ் வெளியீட்டார் எடுத்துத் தம் பொதிகளில் சேர்த்து, முத்திரையிட்டுக் களஞ்சியத்தில் வைக்கிறார்கள். டெபியன் செப்டம்பர் 24 அன்றே முதல் திருத்தத்தையும், மறுநாள் இரண்டாவதையும் வெளியிட்டது. நம் நாட்டில் கணிப்பொறிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதாதலால், டெபியன் கால்வாயிலிருந்து அதற்கு ஒரு கிளை. (பாஷ் வேறு, பாஸ் வேறு, தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் தமிழகத்துப் பள்ளி மாணவர்களின் வீடுகளுக்குள் வந்தது. இவ்வாறு தலைமடையில் திறந்த நீர் வாய்க்கால் வாய்க்காலாக இறங்குகிறது. கடைமடைக்கு வந்ததா? விவசாயி வீட்டுப் பிள்ளைகளான நமக்கு இந்தக் கேள்வியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் அறிந்த கடைமடை ஒன்று உண்டு. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் விலக்கில் ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர் வேண்டாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, முதியோர் உதவித்தொகை, கல்வி உதவித்தொகை என்று சுற்றியுள்ள ஊர்களுக்கு எல்லா விண்ணப்பமும் அங்கேதான். கடைக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்போம். கல்லூரி விட்டு வந்ததும் மாலையில் இரண்டு மணி நேரம் அங்கே தட்டச்சு செய்து என் பேருந்துச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன்.

கடையின் பின்பக்கத்தில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பழைய கணிப்பொறி ஓடிக்கொண்டே இருக்கும். திரை கிடையாது. முன்பு அங்கே வேலை பார்த்த ஓர் அண்ணன் 2013-இல் அதில் டெபியனைப் போட்டு, ஸ்கேன் செய்யும் தாள்களெல்லாம் அதில் போய்ச் சேரும்படி அமைத்திருந்தார். உலாவியில் ஒருவரின் பெயரைத் தட்டினால் அவருடைய தாள்களின் பட்டியல் வரும். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் பட்டியலை எடுத்துக்கொடுப்பது சி.ஜி.ஐ. முறையில் எழுதிய ஒரு சிறு நிரல். டெபியனில் பொதுவாக 'எஸ்.ஹெச்.' என்று அழைத்தால் வருவது பாஷ் அன்று, டேஷ் என்ற வேறொரு ஷெல்; அதற்கு இந்த நோய் கிடையாது. அந்த அதிர்ஷ்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. நிரலின் முதல் வரியிலேயே பாஷ் பெயர் சொல்லி அழைக்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, காத்திருப்பவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வைஃபை கடவுச்சொல்லை அண்ணாச்சி சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்.

ஷெல்ஷாக் பற்றி நூலகத்தில் படித்த வாரம் அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டுச் சோதித்தேன். முன்பக்கத்துக் கணிப்பொறியிலிருந்து, உலாவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சில குறிகளையும், அவற்றின் வாலில், ஸ்கேன் கோப்புகளை எண்ணிச் சொல் என்ற கட்டளையையும் எழுதி அனுப்பினேன். பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்த குமாஸ்தா போலவே, அது கோப்புகளை எண்ணிச் சொன்னது. 11,000-க்கும் மேல்.

அவற்றில் யார் யார் இருக்கிறார்கள்? எங்கள் ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எதற்கும் இருக்கட்டும் என்று முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த தாள்கள் அப்படியே இருந்தன: குடும்ப அட்டை, அப்பாவின் ஆதார், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் அம்மா வைத்த பெருவிரல் ரேகை. அம்மாவின் ரேகையை அந்தத் திரையில் பார்த்த பிறகு, செப்டம்பர் 24, பத்துக்குப் பத்து என்பவையெல்லாம் எனக்கு வெறும் தேர்வுக் குறிப்பாகத் தோன்றவில்லை.

"பத்து வருசமா ஓடுது தம்பி, ஒண்ணும் ஆகலையே?" என்றார் அண்ணாச்சி.

"ஆகலைன்னு நமக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? எடுத்துட்டுப் போனாலும் தாள் இங்கதான இருக்கும்?"

அவர் பதில் பேசவில்லை. வந்துபோனவர்களின் பதிவேட்டைத் துழாவினேன். ஓராண்டுப் பதிவே இருந்தது; பழையது தானாக அழிந்துவிடும். அந்த ஓராண்டில் நான் தேடிய குறிகள், என் சோதனை தவிர, எங்கும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி எவராலும் சொல்ல முடியாது.

டெபியனில் புதுப்பிப்பதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. முதலாவது களஞ்சியத்தின் புதுப் பட்டியலை வாங்கி வரும். இரண்டாவதுதான் பொதிகளை இறக்கி நிறுவும். நம்மவர் பலர் முதலாவதோடு எழுந்து போய்விடுகிறார்கள். பட்டியலைப் பார்த்தால் பசி ஆறுமா? இந்தக் கணிப்பொறியிலோ முதலாவதே ஓடவில்லை. கேட்ட கோப்பு அந்த முகவரியில் இல்லை என்று பதில் வந்தது. காரணம் எளிது. டெபியன் 7-க்கான நீட்டித்த ஆதரவும் 2018 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதன் பொதிகளைப் பழைய ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது அவர்கள் குற்றம் அன்று. கால்வாய் தன் காலம்வரை ஓடியது. இங்கே வயலின் மடை திறக்கப்படவே இல்லை. 2014-இல் ஒருநாள், யாராவது அந்த இரண்டு வரிகளைத் தட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். பாஷின் திருத்தப்பட்ட பொதி, கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக் காட்டிலும் சிறியது.

முகவரியை ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றி அதை நிறுவினேன். அதே சோதனையைத் திரும்ப அனுப்பியபோது எண்ணிக்கை வரவில்லை. பட்டியல் மட்டும் ஒழுங்காக வந்தது. ஆனால் ஆதரவு முடிந்த அமைப்பில் பாஷை மட்டும் அடைத்து என்ன பயன்? ஒரு வளையை அடைத்துவிட்டு மற்ற நூறு வளைகளை விடுவதாகும். ஆகவே கோடை விடுமுறையில் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் யோசனை கேட்டு, புதிய டெபியனை நிறுவி, நிரலையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி எழுதினோம். சுவரில் இருந்த தாளையும் கிழித்தாயிற்று. இரண்டு நாள் கடைவேலை கெட்டதற்கு அண்ணாச்சி முணுமுணுத்தார் என்றாலும் தேநீர் வாங்கிக் கொடுக்கத் தவறவில்லை.

பெரிய தகராறு பழைய தாள்களை அழிப்பதில்தான் வந்தது. வேலை முடிந்த தாளை வைத்திருப்பானேன் என்றேன் நான். "கரண்டு பில்லுக்கும் காசு இல்லாம வர்ற சனம் தம்பி. ஒருநா ஓடி வந்து காப்பி குடுங்கன்னு நிப்பாக. அப்ப என்ன சொல்ல?" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இரண்டு ஆண்டுக்கு முற்பட்டவற்றை அழிப்பது என்று முடிவாயிற்று. அடுத்த மாதமே ஒரு பாட்டி, 2017-இல் கொடுத்த வாரிசுச் சான்றின் நகலைக் கேட்டு வெயிலில் நடந்து வந்தார். இல்லை. அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரே பாட்டியைத் தாலுகா அலுவலகத்துக்குத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். யார் செய்தது சரி என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். அழித்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் பாட்டியிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அமாவாசையன்று கடையில் கூட்டம் குறைவு. ஆகையால் மாதாமாதம் அன்று புதுப்பிப்பது என்று பேசி வைத்தோம். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்றும் நானே செய்தேன். கார்த்திகை அமாவாசை சமயத்தில் எனக்குப் பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறந்தே போனேன். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்துகள், இரண்டு கட்டளைகளும் அடுத்தடுத்து. கீழே அண்ணாச்சி எழுதியிருந்தார்: 'ரெண்டும் போட்டாச்சு. பரீட்சைய நல்லா எழுது.'